பிள்ளையைத் தூக்கும் கை

"புள்ள பொறந்தா எல்லாம் சரியாப் போயிடும்மா" என்பது ஒரு பேச்சு. "பிள்ளை பெற்றால் படுத்த படுக்கைதான்" என்பது இன்னொரு பேச்சு. தண்டுவட மரப்பு நோய் உள்ள பெண்ணின் காதில் இந்த இரண்டும் விழாமல் இருக்காது. முதலாவதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள். இரண்டாவதைச் சொல்பவர்கள் பெண் பார்க்க வருகிறவர்கள், பங்காளி வீட்டார், சில சமயம் வெள்ளைக் கோட்டு போட்டவர்கள். எனக்கு இந்த நோய் இருக்கிறது. ஒன்பது வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். இரண்டு பேச்சையும் ஒரே வாரத்தில், சில சமயம் ஒரே ஆளிடமிருந்தே கேட்டிருக்கிறேன்.

இரண்டும் எதிரெதிரானவை போலத் தெரிகின்றன. உற்றுப் பார்த்தால் இரண்டும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: இந்த உடம்பு பிள்ளை பெறுவதற்கு ஆகுமா ஆகாதா? பிறந்த பிள்ளையை யார் தூக்குவது, யார் குளிப்பாட்டுவது, ராத்திரியில் யார் எழுந்திருப்பது என்ற கேள்வி இரண்டிலும் இல்லை. அது கேட்கவே தேவையில்லாத கேள்வி என்று வைத்திருக்கிறார்கள். பெற்றவள்தான் செய்வாள் என்பது விடை. தாய்மையைப் பற்றி நம் மருத்துவமும் சட்டமும் புகழ்ச்சியும் பேசுகிற விதத்தை இந்த விடுபட்ட கேள்வியை வைத்துப் படித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

நோயின் பெயரிலிருந்தே தொடங்கலாம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பதை அரசுப் படிவங்கள் 'தண்டுவட மரப்பு நோய்' என்கின்றன. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளைச் சுற்றியுள்ள மையலின் உறையையே தாக்கும் நோய் இது. மூளை, கண் நரம்பு, தண்டுவடம் மூன்றும் அடிபடலாம். 'மரப்பு' என்ற சொல்லைக் கேட்பவர்கள் கால் மரத்துப்போகும் ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். பார்வை மங்குவதும், பேச்சு குழறுவதும், சிறுநீர் அடக்க முடியாமல் போவதும், எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சோர்வும் பெயருக்குள் வரவில்லை. தூங்கி எழுந்தாலும் தீராத சோர்வு அது. பார்ப்பவர்களுக்குச் சோம்பேறித்தனம் போலத் தெரியும். மருமகளாக இருக்கிற பெண்ணுக்குச் சோம்பேறி என்ற பெயர் வருவது எவ்வளவு பெரிய தண்டனை என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தெரியவருகிறது. நம் ஊரில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் பேசுவதும் அவள் பிள்ளை பெறுவதும் இந்த இருபது ஆண்டுகளுக்குள்தான் அடங்குகின்றன. ஆகவே இங்கே இது நரம்பு நோயாக மட்டும் வருவதில்லை. மருமகள் நோயாகவும் தாய் நோயாகவும் வருகிறது.

மண்டகப்பட்டிலிருந்து ஒரு பெண்ணுக்குத் திடீரென்று ஒரு கண் தெரியாமல் போனால் அவளை எங்கெல்லாம் கூட்டிப்போவார்கள் என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். செஞ்சியில் ஒரு டாக்டர். முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கிருந்து புதுச்சேரி ஜிப்மர். நடுவில் ஓர் அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன். அங்காளம்மனிடம் போவதை நான் கேலி செய்யமாட்டேன். அந்தக் கூட்டத்தில் நோயாளிப் பெண்ணுக்கும் ஓர் இடம் இருக்கிறது. அவளை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. ஆனால் அங்கேயும் அவளுக்காக வேண்டிக்கொள்வது பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு பிள்ளை.

இனி மருத்துவ அறிவு. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்த நோய் உள்ள பெண்களைக் கருத்தரிக்க வேண்டாம் என்றே பல மருத்துவர்கள் சொல்லிவந்தார்கள். 1998-இல் வெளியான ஓர் ஆய்வு அந்த அறிவுரையின் அடித்தளத்தை ஆட்டியது. ஐரோப்பாவின் 12 நாடுகளில் 254 பெண்களின் 269 கர்ப்பங்களை முன்னோக்கித் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. கர்ப்பத்துக்கு முந்தைய ஆண்டில் ஒரு பெண்ணுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.7 என்றிருந்த நோய்த் தாக்கம், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் 0.2 என்ற வீதத்துக்குக் குறைந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய முதல் மூன்று மாதங்களில் 1.2 என்ற வீதத்துக்கு ஏறியது. பிறகு பழைய நிலைக்குத் திரும்பியது. தாய்ப்பால் கொடுப்பதோ, முதுகில் ஊசி போட்டு வலி குறைப்பதோ நிலைமையை மோசமாக்கவில்லை. அதே பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியிட்ட அறிக்கை, பிரசவத்துக்குப் பின் அந்த மூன்று மாதங்களில் தாக்கம் வந்தது நூற்றில் 28 பேருக்குத்தான் என்றது.

இந்த எண்கள் பெண்களுக்குப் பெரிய விடுதலை தந்தன. 'பெறாதே' என்ற கட்டளைக்கு அறிவியலின் ஆதரவு இல்லாமல் போயிற்று. ஆனால் இதே எண்களை வீடு எப்படிப் படிக்கிறது என்று பாருங்கள். கர்ப்பத்தில் தாக்கம் குறைகிறது என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, 'பார்த்தியா, பிள்ளைதான் மருந்து' என்கிறது. அடுத்த மூன்று மாதத்துக் கணக்கை யாரும் படிப்பதில்லை. அந்த மூன்று மாதம் என்ன மாதம்? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்கிற மாதம். தையல் ஆறாத மாதம். தூக்கம் என்பதே இல்லாத மாதம். நோயில்லாத பெண்ணுக்கே முதுகு ஒடிகிற காலத்தில்தான் நோயுள்ள பெண்ணுக்குத் தாக்கம் வரும் வாய்ப்பு கூடுகிறது. தாக்கம் வராத மீதி 72 பேரும் சோர்வும் கை நடுக்கமும் இல்லாமல் இருந்தார்கள் என்றும் இதற்குப் பொருளில்லை. ஆய்வு தாக்கங்களை எண்ணியது. அந்தத் தொண்ணூறு இரவுகளில் பிள்ளையைத் தூக்கியவர்கள் யார் என்பது அந்த வீதத்துக்குள் வராது. எண்ணப்படாத அந்த உழைப்பில்தான் எங்கள் வாழ்க்கை இருக்கிறது.

மருந்து விஷயத்திலும் இதே கதைதான். இந்த நோய்க்கான எல்லா மருந்தும் கர்ப்பத்தில் ஒன்றுபோல் அல்ல. இன்டர்ஃபெரான் பீட்டா, கிளாட்டிராமர் போன்ற பழைய ஊசிகளோடு நீண்ட அனுபவம் இருக்கிறது. டெரிஃப்ளுனமைடு, ஃபிங்கோலிமோட் போன்ற மாத்திரைகளைக் கருத்தரிக்கும் முன்பே நிறுத்தியாக வேண்டும். டெரிஃப்ளுனமைடு நிறுத்திய பிறகும் நெடுநாள் உடம்பில் தங்கும். அதை வெளியேற்றத் தனியாக மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே எப்போது கருத்தரிப்பது என்பது நரம்பியல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் பெண்ணோடு உட்கார்ந்து முன்கூட்டியே பேச வேண்டியது. ஆனால் கல்யாணமாகி ஆறு மாதத்தில் 'விசேஷம் இல்லையா' என்று கேட்கிற ஊரில் 'மருந்து மாற்றிக்கொண்டிருக்கிறேன், பொறுங்கள்' என்று சொல்லக்கூடிய பெண்கள் எத்தனை பேர்? நோயையே புகுந்த வீட்டில் மறைத்து மாத்திரையை அரிசிப் பானையில் ஒளித்து வைத்திருக்கிறவளுக்கு முன்கூட்டித் திட்டமிடு என்ற அறிவுரையால் பயனில்லை. இன்னொன்றும் உண்டு. நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற வேறொரு நோய் தொடக்கத்தில் இதைப் போலவே தெரியும். கர்ப்பத்தில் அது நடந்துகொள்ளும் விதம் வேறு, மருந்தும் வேறு. இரண்டையும் பிரித்தறிய இரத்தப் பரிசோதனை இருக்கிறது. எந்த நோய் என்று உறுதியாகாமல் யாரோ ஒருத்தியின் அனுபவத்தை இன்னொருத்திக்குப் பொருத்துவது ஆபத்து. என் அனுபவத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

வழக்கத்தின் அறிவு ஒன்றும் இருக்கிறது. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரிக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, சாம்பிராணிப் புகை போட்டு, காற்று வராத அறையில் படுக்கவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அன்போடு செய்வதுதான். ஆனால் உடல் சூடேறினால் இந்த நோயின் அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும். ஒரு காலத்தில் நோயைக் கண்டுபிடிக்கவே நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறார்கள். வெந்நீர் ஊற்றி முடித்தபோது எனக்குக் கால்கள் இல்லாமல் போயின. 'பலவீனம், இன்னும் ரெண்டு சொம்பு ஊத்து' என்றார் ஒரு பெரியம்மா. வெந்நீரை நிறுத்தியது என் அம்மா. அவர் எந்த ஆய்வையும் படித்தவரல்ல. மகள் சொன்னதை நம்பினார், அவ்வளவுதான்.

அடுத்தது சட்டம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைக் குறைபாடுகளில் இந்த நோயும் ஒன்று. பழைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் இது இல்லை. புதிய சட்டத்தின் 10-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளியின் சம்மதமின்றி மலடாக்கும் சிகிச்சை எதையும் செய்யக்கூடாது என்கிறது. 92-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிப் பெண்ணின் வெளிப்படையான சம்மதமின்றிக் கருவைக் கலைத்தால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. இவை சும்மா வந்தவையல்ல. 1994-இல் மகாராஷ்டிரத்தில் அரசு காப்பகம் ஒன்றில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்குப் புனேயில் கருப்பையை அகற்றினார்கள். மாதவிடாய்ச் சுத்தத்தைப் பராமரிக்க முடியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். கவனியுங்கள்: பராமரிக்க ஆள் போடுவதற்குப் பதிலாகக் கருப்பையை எடுத்தார்கள். 2009-இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம், காப்பகத்தில் வன்முறைக்கு உள்ளாகிக் கருவுற்ற ஒரு பெண் குழந்தையைப் பெற விரும்பியபோது, அவள் சம்மதமின்றிக் கலைக்க முடியாது என்றது. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. தாயையும் சேயையும் கவனித்துக்கொள்ள ஓர் அமைப்பு முன்வந்ததையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. உரிமைக்கு உயிர் வந்தது அந்தக் கவனிப்பால்தான்.

இப்போது அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவைப் படியுங்கள். மாற்றுத்திறனாளிப் பெண்களின் வாழ்வாதாரத்துக்கும் அவர்கள் பிள்ளை வளர்ப்பதற்கும் ஆதரவு தரும் திட்டங்கள் வேண்டும் என்று அதில் இருக்கிறது. முதன்முதலில் படித்தபோது நான் இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தேன். ஆனால் அந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே ஒரு கயிறு கட்டியிருக்கிறது: அரசின் பொருளாதார வலிமைக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு. கருப்பையில் கைவைத்தால் சிறை. கைக்குத் துணை வேண்டுமென்றால் கஜானாவைப் பார்த்துச் சொல்கிறோம். இந்தியா 2007-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவு, பிள்ளை வளர்க்கும் பொறுப்பில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தகுந்த உதவியை அரசுகள் தர வேண்டும் என்கிறது. நம் சட்டத்தில் பிள்ளை பெறும் உரிமை உறுதியாகவும் வளர்க்கும் உரிமை சவசவவென்றும் இருக்கின்றன. கருக்கலைப்புப் பிரிவிலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது: குறைபாடு 'கடுமையானது' என்றால் மருத்துவர் கருத்தும் பாதுகாவலர் சம்மதமும் போதும். கடுமை எது என்று யார் அளப்பது? ஒரு மாதம் நடந்து, மறு மாதம் நடக்க முடியாமல் போய், மூன்றாம் மாதம் மறுபடி நடக்கிற நோய் இது. 40 சதவீதக் குறைபாடு இருந்தால்தான் பல சலுகைகள். நன்றாக இருக்கிற நாளில் சான்றிதழ் வாங்கப் போனால் 'நல்லாத்தானே இருக்கே' என்பார்கள். முடியாத நாளில் போகவே முடியாது.

தமிழ்நாட்டில் தாய்சேய் நலத்துக்கு ஒன்றும் குறைவில்லை என்று சொல்வோம். ஒரு வகையில் உண்மை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 44.9 சதவீதம் அறுவைச் சிகிச்சை. இந்த நோய் இருக்கிறது என்பது மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது. மற்ற பெண்களுக்குப் பார்க்கும் காரணங்களைத்தான் இங்கேயும் பார்க்க வேண்டும். பாதிக்குப் பாதி அறுவை நடக்கிற மாநிலத்தில் அதைக் கேட்கத் துணிவு வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தருகிறது. இந்த நோய்க்குப் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் தரும் திட்டம் வேறொரு துறையில் இருக்கிறது. ஒரு துறைக்கு நான் தாய், இன்னொரு துறைக்கு மாற்றுத்திறனாளி. இரண்டும் ஒரே ஆளாக இருக்கக்கூடும் என்பதற்கு நான் நிரப்பிய படிவங்களில் கட்டம் இல்லை.

எங்கள் ஊர் உலகத்துக்குத் தெரிவது ஒரு குடைவரையால். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, விசித்திரசித்தன் என்ற அரசன் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணுவுக்கு இந்தக் கோயிலை எடுத்தான் என்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்திலும் இதைப் படித்திருப்பீர்கள். எதையெல்லாம் பயன்படுத்தவில்லை என்பதையே பெருமையாகச் சொல்லும் கல்வெட்டு அது. பாறையில் உளி பிடித்தவர்களின் பெயர் அதில் இல்லை.

தாயைப் புகழும் நம் பேச்சும் இதே இலக்கணத்தில்தான் இருக்கிறது. 'ஒருத்தர் துணை இல்லாம வளர்த்தா.' 'ஒருநாள் உடம்பு முடியலேன்னு படுத்ததில்லை.' 'வாய் திறந்து ஒண்ணு கேட்டதில்லை.' இல்லாமைகளின் பட்டியல்தான் அவள் பெருமை. மேடைப் பேச்சு, சினிமாப் பாட்டு, அன்னையர் தின வாழ்த்து எல்லாம் இந்தப் பட்டியலை நீட்டுகின்றன. துணையோடு வளர்ப்பவள், முடியவில்லை என்று படுப்பவள், வாய் திறந்து கேட்பவள் எல்லாம் இந்த அளவுகோலில் அரைத் தாய். நோயுள்ள தாய் இதில் தோற்றாக வேண்டும். அளவுகோலே அப்படிச் செய்யப்பட்டது. உண்மையில் நோயில்லாத தாயும் தனியாக வளர்க்கவில்லை. அம்மா, பாட்டி, அத்தை, அக்கம்பக்கம், ஊர் மருத்துவச்சி, கிராம சுகாதார செவிலியர் எத்தனையோ பேர் கைகொடுத்தார்கள். அவர்களும் பெண்கள், பெரும்பாலும் கூலியில்லாமல் அல்லது அற்பக் கூலிக்கு, சாதியின் பெயரால் அந்த வேலைக்குக் கட்டப்பட்டவர்கள். உளி பிடித்தவர்களைப் போல அவர்கள் பெயரும் புகழில் ஏறவில்லை. நோயுள்ள தாய் தன் தேவையை வெளியே சொல்லும்போது மற்ற எல்லாத் தாய்மைக்குள்ளும் மறைந்திருக்கும் கைகள் வெளிச்சத்துக்கு வருகின்றன. அதனால்தான் அவளைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

நம் பெண்ணியமும் இங்கே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தாய்மையை மறுக்கும் உரிமைக்காக நாம் நிறைய எழுதியிருக்கிறோம்; எழுதவும் வேண்டும். பெரியார் கர்ப்பத்தடையைப் பற்றிப் பேசும்போது, மற்றவர்கள் பெண்ணின் ஆரோக்கியத்துக்காகவும் குடும்பப் பொருளாதாரத்துக்காகவும் அதை ஆதரிக்கிறார்கள், தாமோ பெண்ணின் விடுதலைக்காக ஆதரிப்பதாகப் பிரித்துச் சொன்னார். அந்தப் பிரிப்பின் கூர்மை எனக்கு நோய் வந்த பிறகுதான் முழுதாகப் புரிந்தது. ஆரோக்கியம் என்ற காரணம் பெண்ணின் முடிவுக்கு மேலே ஏறி உட்கார முடியாது என்றால், அது இரண்டு பக்கமும் வெட்டும். பெறமாட்டேன் என்பவளை எந்தக் குலப்பெருமையும் கட்டாயப்படுத்தக்கூடாது. பெறுவேன் என்பவளை எந்த மருத்துவக் காரணமும் தடுத்து நிறுத்தக்கூடாது. அபாயத்தை அவளிடம் தெளிவாகச் சொல்லலாம், முடிவு அவளுடையது. தாய்மை எல்லாப் பெண்கள்மீதும் திணிக்கப்படுகிறது என்று பொதுவாக எழுதும்போது, சில பெண்களிடமிருந்து அது பிடுங்கப்படுகிறது என்பது விட்டுப்போகிறது. திணிப்பதும் பிடுங்குவதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள்.

இந்த நோயோடு வாழ்ந்து எழுதிய அமெரிக்கப் பெண்ணிய எழுத்தாளர் நான்சி மெய்ர்ஸ் எனக்குத் துணையாக இருக்கிறார். 1943-இல் பிறந்து 2016-இல் மறைந்தவர். இரண்டு பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போதே நோய் தெரியவந்தது. தன்னைக் குறிக்க நாகரிகமான சொற்களைத் தள்ளிவிட்டு, 'நொண்டி' என்பதற்கு நெருக்கமான கடுமையான சொல்லையே அவர் வேண்டுமென்று தேர்ந்தெடுத்தார். நோயாளித் தாயைத் தெய்வமாக்கும் வேலைக்கு அவரிடம் இடமில்லை. சோர்வு, எரிச்சல், உடம்பின் மீது வெறுப்பு, ஆசை எல்லாம் எழுத்தில் வருகின்றன. ஆனால் அவரை அப்படியே இங்கே கொண்டுவந்து நட்டுவிட முடியாது. உடனிருந்து கவனித்த கணவரும், படிப்பும், எழுதுகிற வேலையும், சக்கர நாற்காலி உருளும் நடைபாதையும் அவருக்குப் பின்னால் இருந்தன. எங்கள் பக்கத்தில் சக்கர நாற்காலி தெருமுனை வரைகூடப் போகாது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று: நன்றியோடு சிரித்துக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் நோயாளித் தாய்க்கு இல்லை.

கடைசியாக, பிள்ளைகள். நோயுள்ள தாய்மார்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் நெகிழ்ச்சிக் கட்டுரைகளில் 'அம்மாவுக்கே அம்மாவான மகள்' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். எனக்கு அந்த வரியைக் கண்டால் பயம். என் மகள் தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறாள், நான் விழும்போது பிடிக்கிறாள். நல்ல பிள்ளை. ஆனால் அவளை ஊர் புகழப் புகழ, அரசும் அவள் அப்பாவின் குடும்பமும் செய்யாத வேலை ஒன்பது வயதுப் பெண்ணின் தோளில் ஏறுகிறது. அவள் மகனாக இருந்திருந்தால் குடத்தை யாரும் கையில் கொடுத்திருக்கமாட்டார்கள். துணையில்லாத தாய்மையை நாம் புகழும் ஒவ்வொரு முறையும் இன்னொரு சிறுமி அந்தப் பாறைக்குள் செதுக்கப்படுகிறாள்.

கேட்பது பெரிய விஷயமல்ல. நரம்பியல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் ஒரே நாளில் ஒரே கட்டடத்தில் பார்க்கும் ஏற்பாடு. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே குறைபாட்டையும் பதியும் ஒரு கட்டம். பிரசவத்துக்குப் பின் முதல் மூன்று மாதம், ராத்திரிக்கும் சேர்த்து, முறையான சம்பளத்தோடு ஓர் உதவியாளர். வீடு தேடி மருந்தும் இயன்முறை சிகிச்சையும் கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் நடக்கிற மாநிலத்தில் இது கற்பனைக்கு எட்டாததல்ல. 24-ஆம் பிரிவு சொல்வதும் இதைத்தான். அதைத் தயவாக அல்ல, பாக்கியாகக் கேட்க வேண்டும்.

அது வரும்வரை, இந்த நோயுள்ள ஒரு பெண் 'பெற்றுக்கொள்ளட்டுமா?' என்று உங்களிடம் கேட்டால் ஆம் என்றோ வேண்டாம் என்றோ அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். 'பெற்றால் ராத்திரியில் யார் எழுந்திருப்பார்கள்?' என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை அவளிடம் மட்டும் கேட்காதீர்கள். அவள் புருஷனையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள்.